ஜிம்பிதான் டப்பாவும் மொய் நோட்டும்

(கணவரின் நூற்பாலை வேலை காரணமாக, இந்தோனேசியாவின் மத்திய ஜாவாவில் கிளாத்தென் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் சில வருடங்கள் குடியிருந்தவர் நம் வாசகி ஒருவர். அந்த ஊரைப் பற்றி மற்ற வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு அவரே பதில் எழுதுகிறார்.)

ஜாவா கிராமம் பார்க்க எப்படி இருக்கும்?
– எம்.ஆர்., கும்பகோணம்

தூரத்திலிருந்து பார்த்தால் ஊரே தெரியாது. வயல்களுக்கு நடுவே மரங்கள்தான் தெரியும். உள்ளே போனால் அந்த மரங்களுக்கு அடியில் ஓட்டு வீடுகள். வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தைப் 'பெகாராங்கான்' என்பார்கள். தென்னை, வாழை, பலா, பப்பாளி, கீழே மஞ்சளும் இஞ்சியும், ஓரத்தில் கோழிக்கூண்டு. ஒரு சாண் இடம் சும்மா கிடக்காது.

எங்கள் பக்கம் மெலிஞ்சோ மரம் அதிகம். பக்கத்து வீட்டு அம்மா காலையிலேயே வாசலில் அடுப்பு மூட்டி, அதன் கொட்டையைச் சுடுமணலில் வறுப்பார். தோட்டை உடைத்து, சூடு ஆறுவதற்குள் கல் மேல் வைத்து ஒரு தட்டு தட்டினால் கொட்டை மெல்லிசாக விரிந்துவிடும். வெயிலில் காயவைத்துப் பொரித்தால் 'எம்பிங்' அப்பளம். லேசாகக் கசக்கும். முதல் தடவை பிடிக்காது, அப்புறம் நிறுத்த முடியாது. பேசிக்கொண்டே தட்டுவார், விரலில் ஒரு தடவைகூட அடிபட்டு நான் பார்த்ததில்லை.

எரிமலைக்குப் பக்கத்தில் பயமில்லாமல் எப்படி வாழ்கிறார்கள்?
– எஸ். வி., நாமக்கல்

பயமில்லை என்று யார் சொன்னது? எங்கள் பக்கத்து எரிமலையான மெராப்பி 2010 அக்டோபர் 26 அன்று வெடிக்கத் தொடங்கி, நவம்பர் முதல் வாரத்தில் உக்கிரமானது. 350 பேருக்கு மேல் இறந்தார்கள். முகாமுக்குக் கூட்டிப்போனவர்களில் பலர், மாட்டுக்குப் புல் அறுக்க வேண்டும் என்று பகலில் மலைப்பக்கம் திரும்பிப் போனார்கள். மாடுதான் அவர்கள் சேமிப்பு, அதை விட்டுவிட்டு வா என்றால் எப்படி வருவார்கள்? அந்த மலை கக்கிய சாம்பலால்தான் மண்ணும் இவ்வளவு வளம். அடிவாரத்து ஊற்றுகளின் தயவில் தண்ணீருக்கும் பஞ்சமில்லை.

ஆனால் எங்கள் ஊரில் மலையைவிட அதிகம் பேசப்பட்டது 2006 மே 27 பூகம்பம்தான். விடிகாலையில் வந்தது. பக்கத்து யோக்யகர்த்தாவிலும் எங்கள் கிளாத்தெனிலுமாக 5,700 பேருக்கு மேல் பலி. பிறகு ஒவ்வொரு வீடாக எல்லாரும் சேர்ந்து கட்டிக்கொடுத்தார்களாம். இப்படிச் சேர்ந்து வீடு கட்டுவதற்கு 'சம்பாத்தான்' என்று பெயர். வீட்டுக்காரர் சாப்பாடு போட்டால் போதும்.

போலீஸ் ஸ்டேஷன் இல்லாத கிராமத்தில் திருட்டுப் பயம் இல்லையா?
– கே. பி., திண்டுக்கல்

அதற்குத்தான் 'ரோண்டா', அதாவது முறைவைத்து ராத்திரி ரோந்து. இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஜிம்பிதான் டப்பா. ஒவ்வொரு வீட்டு முன்சுவரிலும் ஆணியில் ஒன்று தொங்கும். பழைய பால் டின்னாக இருக்கும், வெட்டிய பாட்டிலின் அடிப்பாகமாக இருக்கும், மூங்கில் துண்டாகவும் இருக்கும். சாயங்காலம் அதில் ஒரு பிடி அரிசியோ 500 ரூபியா நாணயமோ போட்டுவைக்க வேண்டும். நம் பணத்தில் மூன்று ரூபாய்கூட வராது. ரோந்துக்காரர்கள் டார்ச் அடித்துப் பார்த்து எடுத்துக்கொண்டு போவார்கள். காலி டப்பா என்றால் நோட்டில் குறிப்பு ஏறிவிடும்.

இதை யோசித்தவர் பலே ஆள். காசை எடுக்க வேண்டுமென்றால் எல்லா வீட்டு வாசலுக்கும் போயே ஆக வேண்டும். ரோந்துக் கொட்டகையில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு, சுற்றி வந்தோம் என்று கதை விட முடியாது. சேரும் பணம் தெருவிளக்குக்கும் சாவு வீட்டுச் செலவுக்கும் போகும். அவசரம் என்றால் 'கெந்தோஙான்' என்கிற குடைந்த மரத்தைத் தட்டுவார்கள். திருடனுக்கு ஒரு தட்டு, தீ விபத்துக்கு வேறு தட்டு, சாவுக்கு இன்னொன்று.

அங்கே யாரும் கூலி வாங்காமல் ஒருவருக்கொருவர் உதவுவார்களாமே? நம் ஊரில் அந்த மனசு போய்விட்டதே!
– டி. எல்., மன்னார்குடி

'கோத்தோங் ரோயோங்' என்று நாடே பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் விஷயம் இது. நானும் போன புதிதில் உருகினேன். கூலி கிடையாது, நிஜம். ஆனால் கணக்கு உண்டு.

ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் சில நாள் முன்னதாகவே பெண்கள் சொந்தக் கத்தியோடு வந்து இறங்குவார்கள். இதற்கு 'ரெவாங்' என்று பெயர். தேங்காய் துருவுவது, வாழையிலையில் மடிப்பது, அண்டா அண்டாவாகச் சோறு வேகவைப்பது, நடுவில் ஊர் வம்பு. பரிமாறுவது இளவட்டங்கள் வேலை. விருந்தாளிகள் பெயர் எழுதிய கவரைப் பெட்டியில் போடுவார்கள். ராத்திரி வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொரு கவராகப் பிரித்து, யார் எவ்வளவு என்று நோட்டில் ஏற்றுவார்கள். மதுரைப் பக்கத்து மொய் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள், வித்தியாசமே இல்லை. நாளைக்கு அவர்கள் வீட்டு விசேஷத்தில் அந்தத் தொகைக்குக் குறையக் கூடாது.

ஜாவா நாள்காட்டியின் சூரா மாதத்தில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். அதே நாள்காட்டியின் பெசார் மாதம் வந்தால் வாரத்துக்குப் பல அழைப்புகள் வரும். கவரில் வைக்கக் கடன் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். ரெவாங்குக்குப் போகாத பெண்ணைப் பற்றி என்ன பேசுவார்கள் என்பதும் தெரியும், ஏனென்றால் நானும் கூட உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டிருக்கிறேன். கூலிக்கு ஆள் வைத்தால் பணம் கொடுத்ததோடு தீரும். இது தீராது. அதே சமயம், எனக்குக் காய்ச்சல் வந்தபோது மறுநாள் காலையிலேயே கஞ்சியோடு ஆள் வந்ததையும் சொல்லித்தான் ஆக வேண்டும். டப்பா காலியாகத் தொங்கியதை ரோந்துக்காரர் பார்த்திருக்கிறார்!

நிலமில்லாதவர்கள் நிலைமை?
– ஆர். ஜி., திருவாரூர்

அரை ஹெக்டேர் இருந்தாலே அங்கே வசதியானவர். முன்பெல்லாம் 'அனி அனி' என்ற சின்னக் கத்தியால் பெண்கள் கதிர் கதிராக அறுப்பார்கள். நெல் தெய்வமான தேவி ஸ்ரீ பயந்துவிடக் கூடாதென்று கத்தியை உள்ளங்கையில் மறைத்துப் பிடிப்பார்களாம். அறுவடைக்கு ஊரில் யார் வேண்டுமானாலும் வரலாம், அறுத்ததில் ஒரு பங்கு நெல் கூலி. அந்தப் பங்குக்குப் 'பாவோன்' என்று பெயர். 1970களில் குட்டை ரகங்கள் வந்தன, கூடவே அரிவாளும் வந்தது. வியாபாரி நிற்கிற பயிரையே விலைபேசி, தன் ஆட்களைக் கொண்டுவந்து அறுக்க ஆரம்பித்தார். ஊர்ப் பெண்களுக்கு வரப்பில் நின்று பார்க்கிற வேலைதான் மிச்சம். கல்யாணக் கணக்கை அவ்வளவு கறாராக வைத்திருக்கும் ஊர், இந்தக் கணக்கை மட்டும் சத்தமில்லாமல் மூடிவிட்டது என்பது என் ஆதங்கம்.

முஸ்லிம்கள் ஊரில் மகாபாரதக் கூத்து நடக்குமா?
– பி. எஸ்., கடலூர்

விடிய விடிய நடக்கும். 'வாயாங் குலித்' என்ற தோல்பாவைக் கூத்து. அர்ஜுனனும் பீமனும் வருவார்கள், ஆனால் கூட்டம் காத்திருப்பது நம் கதையில் இல்லாத செமார் என்கிற கோமாளிக்காகத்தான்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?
– என். கே., மயிலாப்பூர்

சோயாவில் செய்த தெம்பே தெருவுக்குத் தெரு கிடைக்கும். மிளகாய்த் துவையலான சம்பலைத் தொடும் முன் 'தெராசி' போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். அது இறால் விழுது.

சில மாதங்கள் அப்படி ஒரு ஊரில் தங்க ஆசை. முதலில் என்ன செய்ய வேண்டும்?
– வி. ஆர்., கோவை

தெருமுனையில் ஒரு பலகை இருக்கும்: 'விருந்தினர் 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும்.' அந்தத் தெருக்கூட்டத் தலைவரைப் 'பாக் எர்தே' என்பார்கள். பாஸ்போர்ட் நகலோடு மக்ரிப் என்கிற அந்தித் தொழுகைக்குப் பிறகு போங்கள், வீட்டில் இருப்பார். இனிப்புத் தேநீர் தருவார். 'குடியுங்கள்' என்று அவர் சொன்ன பிறகு கிளாஸை எடுங்கள். ரோந்து முறையில் உங்கள் வீட்டுக்கு எந்தக் கிழமை என்பதையும் அப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.