பத்து நிமிடம் உட்காராத பையன் நடுவராவானா?

காட்பாடி அம்மாவுக்கு,

"புத்தகத்தை எடுத்தால் பத்து நிமிடம் உட்காரமாட்டான், இவன் போய் ஃபுட்பால் ரெஃப்ரி ஆகிறேன் என்கிறானே" என்று கேட்டிருந்தீர்கள். பிள்ளை பி.காம். இரண்டாம் ஆண்டு, உங்கள் கவலை நியாயம்தான். ஆனால் நாற்காலியில் உட்காரும் பொறுமை வேறு, மைதானத்தில் வேண்டிய கவனம் வேறு.

கார்னர் கிக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பந்து இன்னும் மூலையில் கிடக்கும். நடுவரின் கண் அங்கே இருக்காது. கோலுக்கு முன்னால் யார் யாருடைய பனியனைப் பிடித்து இழுக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கும். பந்தை உதைத்ததும் அது எங்கே விழும், எந்தக் கால்கள் மோதும் என்று பார்வை தாவும். பந்து வெளியே போனால் மூச்சு விட்டுக் கொஞ்சம் தளர வேண்டும். 90 நிமிடமும் விறைப்பாகவே இருந்தால், கடைசியில் கண் திறந்திருக்கும், எதுவும் பதியாது. இத்தனையும் பத்து கிலோமீட்டர் அளவுக்கு ஓடிக்கொண்டே! நம் வேலூர் வெயிலில் என்றால் கேட்கவே வேண்டாம்.

பெரிய ஆட்களும் சறுக்கியிருக்கிறார்கள். 2006 உலகக் கோப்பையில் குரோஷியா–ஆஸ்திரேலியா ஆட்டம். குரோஷியாவின் 3ஆம் எண் சிமுனிச்சுக்கு இரண்டாவது மஞ்சள் அட்டை (எச்சரிக்கை) காட்டிய இங்கிலாந்து நடுவர் கிரஹாம் போல், குறிப்பேட்டில் ஆஸ்திரேலியாவின் 3ஆம் எண்ணை எழுதிவிட்டார். இரண்டாவது மஞ்சளுக்கே சிவப்பு அட்டை காட்டி வெளியே அனுப்பியிருக்க வேண்டும், மூன்றாவது மஞ்சளுக்குப் பிறகுதான் அது வந்தது. தப்பைக் கண் சரியாகத்தான் பிடித்தது, பேனா கோட்டை விட்டது. எழுதியதும் தலை நிமிர்ந்து நிறத்தையும் எண்ணையும் ஒருமுறை சரிபார்ப்பது கை பழக்கமாகவே ஆக வேண்டும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். டிவி மேட்சில் ஃபவுல் நடந்ததும், ரீப்ளே வருவதற்குள் எந்த அணி, எந்த எண், என்ன முடிவு என்று சொல்லச் சொல்லுங்கள். ஒரு மாதத்தில் வித்தியாசம் தெரியும்.

அப்புறம், பணம். இது மாதச் சம்பளம் இல்லை, மேட்சுக்கு இவ்வளவு என்று தருவார்கள். தொடக்கத்தில் பஸ்ஸுக்கும் ஷூவுக்கும் போக மிஞ்சுவது கொஞ்சம்தான். அதனால் டிகிரியை விடவே கூடாது. இதில் நான் பிடிவாதக்காரன்.

நடுவர் தேர்வு எப்போது என்று மாவட்டக் கால்பந்து சங்கத்தில் அவனே போய் விசாரிக்கட்டும், நீங்கள் போகாதீர்கள். ஓட்டத்தில் தேறிவிடுவான். ஆனால் ஆட்ட விதிகள் 17. அவற்றைப் படிக்க உட்கார்ந்துதான் ஆக வேண்டும். அந்தப் புத்தகத்தோடு எத்தனை நிமிடம் உட்காருகிறான் என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.