நாய்க் காப்பகம் சொல்லும் சதவீதத்தை நம்பலாமா?

"எங்களிடம் வரும் நாய்களில் 95 சதவீதத்தைக் காப்பாற்றுகிறோம்" என்று ஒரு மீட்பு அமைப்பு சொல்கிறது, அதை நம்பி நன்கொடை அளிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு காப்பகத்தில் நான்கு ஆண்டுகள் தன்னார்வலராக இருந்து நாய்கள் வருவதையும் போவதையும் பதிவேட்டில் எழுதி வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த 95 பொய்யாக இருக்க வேண்டும் என்பதில்லை, ஆனால் எதை எதனால் வகுத்து அது வந்தது என்று தெரியாத வரை அதற்குப் பொருள் ஏதுமில்லை.

கணக்குக்காக ஒரு காப்பகத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ஆண்டின் தொடக்கத்தில் அங்கே 40 நாய்கள் இருக்கின்றன. ஆண்டுக்குள் 200 வருகின்றன. ஆண்டு முடிவில் 60 எஞ்சியிருக்கின்றன. ஆக, கணக்கிலிருந்து கழிந்தவை 180. அவற்றில் 120 தத்துப் போயின, 20 உரிமையாளரிடம் திரும்பின, 20 வேறோர் அமைப்புக்கு மாற்றப்பட்டன, 12 நோயால் இறந்தன, 8 கருணைக்கொலை செய்யப்பட்டன. உயிரோடு வெளியேறிய 160ஐ 180ஆல் வகுத்தால் 89 சதவீதம். தாமாக இறந்த 12ஐ விட்டுவிட்டு 168ஆல் வகுத்தால் 95. அந்த எட்டையும் உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் செய்ததாக எழுதி அவற்றையும் விலக்கினால் 100! மூன்றும் அதே நாய்கள்தாம்.

இரண்டாவது கணக்கை யாரோ தந்திரமாகக் கண்டுபிடித்ததாக எண்ண வேண்டாம். 2004ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் அசிலோமார் என்னும் இடத்தில் விலங்கு நல அமைப்புகள் கூடி ஓர் உடன்பாட்டை வகுத்தன. ஆளுக்கொரு விதமாக எண்ணிக்கொண்டிருந்த காப்பகங்களை ஒரே அட்டவணைக்குக் கொண்டுவந்தது அதன் பெரும் பயன். ஆயினும் அதன் சூத்திரத்தில், காப்பகத்தில் இறந்தவையும் காணாமற்போனவையும் வகுக்கும் எண்ணில் சேருவதில்லை. மேலும், ஒரு நாய் சிகிச்சையால் தேறக்கூடியதா இல்லையா என்பதை அந்தந்தச் சமூகத்தில் அக்கறையுள்ள வளர்ப்பாளர்கள் எந்த அளவுக்குச் சிகிச்சை அளிப்பார்களோ அதை வைத்தே தீர்மானிக்கச் சொன்னார்கள். எனவே சிறுநீரகக் கோளாறுள்ள நாய் ஓரிடத்தில் தேறக்கூடியது, இன்னோரிடத்தில் தேறாதது.

எங்கள் பதிவேட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஒரு மாதம் குட்டிகளை வேகமாகக் கொல்லும் பார்வோ என்னும் தொற்றுநோய் வந்து, ஒரே ஈற்றில் பிறந்த ஏழு குட்டிகளும் நான்கு நாட்களுக்குள் இறந்துவிட்டன. இறந்த நேரம் உட்பட நான் எழுதி வைத்தேன். ஆண்டறிக்கை வந்தபோது அவை வரவிலும் இல்லை, இறப்பிலும் இல்லை. பெயரும் அட்டையும் போடுவதற்கு முன்பே இறந்தவற்றை வந்ததாகக் கொள்ள வேண்டியதில்லை என்று விளக்கம் சொன்னார்கள். இதில் பணம் சுருட்டும் எண்ணம் எதுவுமில்லை. நன்கொடையாளர்கள் மனம் வாடக்கூடாது என்ற கவலைதான். ஆனால் பார்வோக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் தங்கக்கூடியது. அந்த ஏழும் மாதவாரிக் கணக்கில் கண்ணில் பட்டிருந்தால், வந்த அன்றே தடுப்பூசி போடும் வழக்கமும் புதுக் குட்டிகளைத் தனியே வைக்கும் வழக்கமும் அப்போதே தொடங்கியிருக்கும். எங்களுக்கு அதற்கு இன்னொரு ஈற்றுக் குட்டிகள் இறக்க வேண்டியிருந்தது.

தத்துக் கணக்கிலும் இப்படியொரு பள்ளம் உண்டு. ஒரு கறுப்பு ஆண் நாய் மூன்று முறை தத்துப் போய் மூன்று முறையும் திரும்பி வந்தது. எங்கள் அறிக்கையில் அது மூன்று தத்துகள், நாயோ இன்னமும் அதே கூண்டில். ஒவ்வொரு வரிக்கும் எதிரே, நாயின் தோலுக்கடியில் பொருத்தும் அடையாளச் சில்லான மைக்ரோசிப்பின் எண்ணை எழுதத் தொடங்கிய பிறகே, நாய்களை எண்ணுகிறோமா நிகழ்ச்சிகளை எண்ணுகிறோமா என்பது எங்களுக்கே தெளிவாயிற்று. வேறோர் அமைப்புக்கு மாற்றப்பட்ட நாயும் இப்படித்தான் இரண்டு இடங்களில் காப்பாற்றப்பட்டதாகிவிடும்.

சராசரித் தங்கல் நாட்களைப் பெருமையாகச் சொல்வார்கள். அது பெரும்பாலும் வெளியேறிய நாய்களை வைத்து மட்டுமே போடப்படும். மூன்று ஆண்டுகளாக மூலையில் படுத்திருக்கும் கிழட்டு நாய் அந்தச் சராசரியில் இல்லை. அதற்கு ஒரு வீடு கிடைக்கும் நல்ல நாளில்தான் அது உள்ளே நுழைந்து எண்ணைக் கெடுக்கும்.

இதையெல்லாம் படித்துவிட்டுக் குறைந்த சதவீதம் காட்டும் அமைப்பைத் தள்ளிவிடாதீர்கள். இளம், நலமான, அழகான நாய்களை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்ளும் இடத்துக்கு 98 எளிது. அடிபட்டது, சொறி பிடித்தது, கடிக்கும் பழக்கமுள்ளது என்று யாரையும் திருப்பி அனுப்பாத இடத்துக்கு 85கூடப் பெரும் உழைப்பு. எந்த நாய்களைச் சேர்க்கிறார்கள் என்பதைக் கேட்காமல் இரண்டையும் பக்கத்தில் வைக்க முடியாது. பணக் கணக்கைப் பொறுத்தவரை, தணிக்கை செய்த அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். சம்பளத்துக்குச் செலவு செய்கிறார்கள் என்பதை மட்டும் குற்றமாகக் கொள்ளாதீர்கள், கூண்டைக் கழுவ ஆள் வேண்டும்.

நான் நன்கொடை அளிக்கும் முன் சதவீதத்தைக் கேட்பதில்லை. ஆண்டின் தொடக்கத்தில் இருந்த நாய்கள், வந்தவை, வகைவாரியாகக் கழிந்தவை, இறுதியில் எஞ்சியவை ஆகியவற்றை எண்ணிக்கையாகவே கேட்பேன். கூட்டிக் கழித்தால் நேராகிறதா என்று பார்ப்பேன். பிறகு, கடந்த ஆண்டு எத்தனை இறந்தன, எதனால் என்று கேட்பேன். ஒரு சிறிய அமைப்பு இதற்குப் பதிலாகக் கையால் எழுதிய ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியது. கூட்டலில் இரண்டு நாய்கள் குறைந்தன. ஓரத்தில், "இரண்டு நாய்கள் வேலி தாண்டிப் போய்விட்டன, தேடிக்கொண்டிருக்கிறோம்" என்று எழுதியிருந்தார்கள். இப்போது மாதந்தோறும் அவர்களுக்குத்தான் அனுப்புகிறேன்.