எம்ஜிபி ஸ்பீடோமீட்டர் வேகத்தைக் கூட்டிக் காட்டுகிறது

உங்கள் பழைய எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காருக்கு வாங்கி மாட்டிய ஸ்மித்ஸ் நிறுவன ஸ்பீடோமீட்டர் வேகத்தைக் கூட்டிக் காட்டுகிறது என்று கேட்டிருந்தீர்கள். அந்த மீட்டர் அசல்தான், பழுதும் இல்லை. ஜிபிஎஸ் 60 மைல் காட்டும்போது அது 75 காட்டுகிறது என்றால், உங்கள் கியர்பாக்ஸுக்கு அது ஜோடி இல்லை.

மீட்டர் முகப்பின் அடியில், பார்ட் நம்பரை ஒட்டி 1020, 1280 என்பதுபோல ஓர் எண் இருக்கும். கியர்பாக்ஸிலிருந்து மீட்டருக்கு வரும் கேபிள் ஒரு மைலுக்கு எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பதே அது. 1280 சுற்றும் கேபிளில் 1020 மீட்டரை மாட்டினால் சரியாக இந்தப் பிழைதான் வரும். உங்களுடையது 1965 வண்டி. 1967 கடைசியில் வந்த புது கியர்பாக்ஸை யாரோ மாற்றியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

சோதித்துப் பாருங்கள்:
1. மீட்டர் பக்கம் கேபிளைக் கழற்றி, உள்கம்பியில் காகிதக் கொடி ஒட்டுங்கள்.
2. நியூட்ரலில் வண்டியை 16.1 மீட்டர் தூரம் (ஒரு மைலில் நூறில் ஒரு பங்கு) நேராகத் தள்ளுங்கள். ஒருவர் சுற்றுகளை எண்ணட்டும், கால் சுற்றும் கணக்கு.
3. அதை 100 ஆல் பெருக்குங்கள்.

1280-க்கு அருகில் வந்தால், அவசரப்பட்டு வேறு மீட்டர் வாங்காதீர்கள். பிந்தைய மாடலின் முகப்பு உங்கள் டேஷ்போர்டோடு பொருந்தாது. கிடைத்த அழகான முகப்பை வைத்துக்கொண்டு, உள்ளே மட்டும் மீட்டர் மெக்கானிக்கிடம் திருத்தி வாங்குங்கள்.

ஒன்று, டயர் அளவு மாறியிருந்தாலும் எண் கொஞ்சம் நகரும். முதலில் அதைப் பாருங்கள்.