வேகமான விங்கரை லெஃப்ட் பேக் ஆக்கினால் பின்னால் யார் பார்ப்பது?

கேள்வி: 17 வயதுக்கு உட்பட்டோர் கால்பந்து அணி ஒன்றுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். லெஃப்ட் பேக், அதாவது இடது ஓரத் தடுப்பாட்டக்காரனாக ஆடிய பையன் படிப்புக்காக வெளியூர் போய்விட்டதால், அணியிலேயே வேகமான, இடது ஓரமாகத் தாக்கி ஆடும் லெஃப்ட் விங்கரை அந்த இடத்தில் இறக்கினேன். அவன் மேலே ஏறினால் எதிரணி திணறுகிறது, ஓரத்திலிருந்து கோல் முன்னால் அனுப்பும் கிராஸும் நன்றாக வருகிறது. ஆனால் நாங்கள் வாங்கும் கோல்களில் பாதிக்கு மேல் அவன் விட்டுவிட்டுப் போன இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. ஹாஃப் லைனைத் தாண்டாதே என்று சொல்லிப் பார்த்தேன், ஆட்டமே செத்துவிட்டது. அவனும் 'பின்னாடி ஆடினா செலக்‌ஷன்ல யார் சார் பார்ப்பாங்க' என்கிறான். மறுபடி விங்கராக்கிவிடலாமா?

பதில்: முதலில் அந்த ஹாஃப் லைன் உத்தரவை எடுத்துவிடுங்கள். மேலே ஓடத்தான் அவனை அங்கே போட்டீர்கள், அதையே தடுத்துவிட்டால் உங்களிடம் மிஞ்சுவது தடுப்பாட்டம் இன்னும் சரியாகப் பழகாத ஒரு பேக் மட்டும்தான். விங்கராகத் திருப்பி அனுப்பவும் இப்போதைக்கு அவசரம் இல்லை. மேலே ஏறும் எந்த ஃபுல் பேக்கும் (இடது, வலது ஓரத் தடுப்பாட்டக்காரர்) பின்னால் ஓர் இடத்தை விட்டுவிட்டுத்தான் போவான், பிரேசிலின் ரோபர்ட்டோ கார்லோஸ் ஆனாலும் அப்படித்தான். இடம் காலியாவது குற்றமில்லை. போகக்கூடாத நேரத்தில் போனானா, அவன் போனதும் அந்த இடத்தை மூட வேறு யாராவது நகர்ந்தார்களா, இந்த இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். முதலாவதை அவன் கற்றுக்கொள்ள வேண்டும், இரண்டாவதை நீங்கள்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். கோல் விழுந்ததும் இரண்டுக்கும் சேர்த்து அவனையே திட்டினால் அவன் ஓடுவதையே நிறுத்திவிடுவான்.

இதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் பிரெஞ்சு லெஃப்ட் பேக் தியோ ஹெர்னாண்டஸ். 2022 மே மாதம் இத்தாலியின் அட்டலான்டா கிளப்புக்கு எதிராக ஏ.சி. மிலனுக்காக அவர் போட்ட கோலைப் பார்த்திருப்பீர்கள், தன் பெனால்டி பாக்ஸுக்குப் பக்கத்தில் பந்தை எடுத்து, மைதானத்தின் முழு நீளமும் ஓடிப்போய் இடது காலால் அடித்தது. அடுத்த வாரம் மிலன் இத்தாலி லீகை வென்றது. அதே ஆண்டு உலகக் கோப்பையில் அவர் பிரான்ஸின் முதல் தேர்வு லெஃப்ட் பேக்கே இல்லை. ஆஸ்திரேலியாவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் அண்ணன் லூக்காஸ் முழங்காலில் அடிபட்டு வெளியேற, 13-வது நிமிடத்தில் தியோ உள்ளே வந்தார், 27-வது நிமிடத்தில் அவர் கொடுத்த கிராஸில் ராபியோ தலையால் முட்டி சமன் செய்தார். பிரான்ஸ் 4-1 என்று ஜெயித்தது.

பலம் இது. பலவீனத்தைப் பார்க்க இங்கிலாந்துடனான காலிறுதியைப் போட்டுப் பாருங்கள். தியோவின் பக்கத்தில் இங்கிலாந்தின் வலது விங்கர் சாகா. தியோவுக்கு முன்னால் ஆடிய எம்பாப்பே பின்னால் ஓடிவந்து உதவுகிற ஆள் இல்லை, அவரிடமிருந்து பிரான்ஸ் அதை எதிர்பார்க்கவும் இல்லை. களத்தில் இருந்தவரை சாகா தொல்லை கொடுத்துக்கொண்டே இருந்தார். கடைசிக் கட்டத்தில், பிரான்ஸ் 2-1 என்று முன்னிலையில் இருக்கும்போது, பாக்ஸுக்குள் ஓடிவந்த மேசன் மவுண்டை தியோ முதுகில் இடித்துத் தள்ளிவிட்டார். பந்து மவுண்டின் காலில்கூட இல்லை. பெனால்டி. ஹாரி கேன் அதைக் கம்பத்துக்கு மேலே அடித்ததால் பிரான்ஸ் தப்பித்தது. அப்படியே நான்கு நாள் தள்ளி, மொராக்கோவுடனான அரையிறுதியில் 5-வது நிமிடத்தில் முதல் கோலை அடித்தது யார்? தியோதான், எம்பாப்பேயின் ஷாட் பட்டுத் தெறித்து இடது கம்பத்துப் பக்கம் எழும்பி வந்த பந்தைக் காலை உயர்த்தி வாலி அடித்தார். ஒரே ஆட்டக்காரர், ஒரே வாரம்.

உங்களுக்குப் பாடம் அதற்கப்புறம் அப்போதைய பிரான்ஸ் பயிற்சியாளர் தெஷாம் செய்ததில் இருக்கிறது. அந்த அரையிறுதியில் மொராக்கோ வலது பக்கம் ஆடிய ஹக்கிமியையும் சியெக்கையும் வைத்து தியோ பக்கமே திரும்பத் திரும்ப அழுத்தியது. தெஷாம் தியோவை வெளியே எடுக்கவில்லை, மேலே போகாதே என்று கட்டிப்போடவும் இல்லை. 65-வது நிமிடத்தில் நடு முன்கள ஆட்டக்காரர் ஜிரூவை எடுத்துவிட்டு மார்கஸ் தூராமை இடது பக்கம் போட்டார், எம்பாப்பேயை நடுவுக்கு நகர்த்தினார். அதாவது தியோவுக்கு முன்னால் ஓடி உதவக்கூடிய ஒருவரை வைத்தார். எதிர்ப்பக்கத்தில் ரைட் பேக்காக ஆடியவர் கூண்டே, இயல்பில் சென்டர் பேக், அதாவது பின்களத்தின் நடுவில் நிற்கும் ஸ்டாப்பர். ஒரு பேக் ஏறும் அணியில் இன்னொரு பேக் தங்கும் ஆளாக இருப்பதை அந்தத் தொடர் முழுக்கப் பார்க்கலாம்.

சரி, உங்கள் அணிக்கு வருவோம். உங்கள் ரைட் பேக்கும் மேலே ஏறுகிறானா? அப்படியானால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். இடது பையன் ஏறும்போது வலது பையன் உள்ளே நகர்ந்து இரண்டு ஸ்டாப்பர்களோடு சேர்ந்து மூன்று பேராக நிற்க வேண்டும், அந்த மூவரும் இடது பக்கமாகக் கொஞ்சம் சரிந்து நிற்க வேண்டும், அவர்களுக்கு முன்னால் ஒரு மிட்ஃபீல்டராவது அசையாமல் இருக்க வேண்டும். இந்த வயதில் பிள்ளைகள் நம் அணி தாக்கும்போது நின்று வேடிக்கை பார்ப்பார்கள், பந்து அந்தப் பக்கம்தானே இருக்கிறது என்று. எதிரணியின் கவுண்டர், அதாவது பந்தைப் பறித்ததும் கிளம்பும் பதில் தாக்குதல், அங்கேதான் தொடங்கும். நம் அணி தாக்கிக்கொண்டிருக்கும்போதே ஒரு கண்ணால் இந்த நாலு பேரையும் பாருங்கள், உங்கள் கோல்களில் பாதிக்கு விடை அங்கே கிடைக்கும்.

இடது ஸ்டாப்பராக யார் ஆடுகிறார் என்பதும் பெரிய விஷயம். அல்ஃபோன்ஸோ டேவிஸ் கதையும் உங்கள் பையன் கதையைப் போலத்தான் ஆரம்பித்தது. கனடாவிலிருந்து விங்கராக பாயர்ன் மியூனிக் போனவர். 2019-இல் தடுப்பாட்டக்காரர்கள் வரிசையாகக் காயம்பட்டு, லெஃப்ட் பேக் ஆடிக்கொண்டிருந்த டேவிட் அலபா நடுவுக்கு நகர, காலியான அந்த இடத்துக்கு டேவிஸ் வந்தார். அடுத்த கோடையில் பார்சிலோனாவை 8-2 என்று அடித்த ஆட்டத்தில் செமேதோவைத் தாண்டி எல்லைக்கோடு வரை போய் கிம்மிச்சுக்கு அவர் தள்ளிக்கொடுத்த பந்தை உலகமே பார்த்தது. பெரும்பாலானோர் கவனிக்காதது, அவருக்குப் பக்கத்திலேயே அலபா இருந்தார் என்பது. பல வருடம் அதே லெஃப்ட் பேக் இடத்தில் ஆடியவர், வேகமானவர், அந்தக் காலி இடத்துக்குள் எப்படி ஓடுவது என்று தெரிந்தவர். உங்களிடம் ஒரு ஸ்டாப்பர் உயரமாகவும் மெதுவாகவும், இன்னொருவன் சுறுசுறுப்பாகவும் இருந்தால், சுறுசுறுப்பானவனை இடது பக்கம் போடுங்கள். ஒரு ரூபாய் செலவில்லாத மாற்றம்.

இனி பையன் கற்க வேண்டியது. வேகமான பேக்கிடம் இருக்கும் பெரிய ஆபத்து, அவனுடைய வேகம் அவன் தவறுகளை மறைத்துவிடும். தப்பான இடத்தில் நிற்பான், ஆனால் ஓடிப்போய் பிடித்துவிடுவான், எல்லோரும் கைதட்டுவார்கள். உள்ளூர் ஆட்டங்களில் இது பலிக்கும். கொஞ்சம் பெரிய நிலைக்குப் போய் தன் வேகத்துக்கு ஈடான விங்கரைச் சந்திக்கும்போது அந்த ஓட்டம் ஓர் அடி குறையும், அப்போதுதான் இத்தனை நாள் நிற்கும் இடமே தெரியாமல் ஆடியது வெளியே வரும். ஆகவே அவன் எவ்வளவு வேகமாகத் திரும்பி வந்தான் என்பதற்குப் பாராட்டாதீர்கள். திரும்பி ஓட வேண்டிய தேவை ஏன் வந்தது என்று கேளுங்கள்.

எப்போது ஏற வேண்டும் என்பதற்கு அவனுக்கு ஓர் எளிய விதி கொடுங்கள்: பந்து நம்மிடம் உறுதியாக இருந்தால் மட்டும். நம் மிட்ஃபீல்டர் தலை நிமிர்ந்து, யாரும் நெருக்காமல் பந்தோடு நிற்கிறானா, போ. முன்னால் இருக்கும் நம் விங்கர் பந்தை வாங்கி உள்பக்கமாகத் திரும்பி எதிரணி பேக்கையும் கூடவே இழுத்துப் போகிறானா, வெளிப்பக்கமாகப் போ. அதே விங்கர் கோலுக்கு முதுகு காட்டி, பின்னால் ஓர் எதிராளி ஒட்டிக்கொண்டிருக்க பந்தை வாங்குகிறானா, நில், பக்கத்தில் நின்று பாஸ் வாங்க உதவு. பந்து வலது பக்கம் இருந்தால் டச் லைனில் (பக்கவாட்டுக் கோட்டில்) காத்திருக்காதே, உள்ளே வந்து ஸ்டாப்பருக்குப் பக்கத்தில் நில். விங்கராக இருந்தவனுக்கு இந்தக் கடைசி விஷயம்தான் மிகவும் கஷ்டம், ஏனென்றால் இத்தனை வருடம் அகலமாக நில் என்றுதான் நாம் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.

அப்புறம் ஒருவனுக்கு ஒருவன் நிற்பது. விங்கராக வளர்ந்த பையன்கள் பந்தைப் பார்த்ததும் பறிக்கப் பாய்வார்கள், ஒரு முறை தவறினால் ஆள் போய்விட்டான். எதிராளியிடமிருந்து ஒன்றரை, இரண்டு மீட்டர் விட்டு, முழங்காலை மடக்கி, பக்கவாட்டாக நிற்கப் பழக்குங்கள். லெஃப்ட் பேக்குக்கு வலது கால் முன்னால், இடது கால் பின்னால், நெஞ்சு டச் லைனைப் பார்த்தபடி. உள்பக்க வழியை அடைத்து, வெளிப்பக்கம் போ என்று எதிராளிக்கு இடம் காட்ட வேண்டும், அங்கே ஓட்டப்பந்தயம் வந்தால் நம் பையன் ஜெயிப்பான். வேகத்தை இப்படிப் பயன்படுத்துவதுதான் புத்திசாலித்தனம். எதிராளி சாகா மாதிரி இடது கால்காரனாக இருந்து வலது பக்கம் ஆடினால் இது இன்னும் அவசியம், அவன் தேடுவதே உள்பக்கம் வெட்டி வந்து அடிக்கும் வழியைத்தான். கட்டாயம் பறிக்க வேண்டிய நேரம் ஒன்று உண்டு: எதிராளி பந்தைக் காலிலிருந்து தூரமாகத் தள்ளிவிட்ட அந்த நொடி. அதுவரை பொறுமை.

எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் கிராஸ், தாக்கி ஆடும் பேக்குகள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம். 2022 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் ரியல் மாட்ரிட்டின் ஒரே கோல் 59-வது நிமிடத்தில் வந்தது. வலது பக்கத்திலிருந்து வால்வெர்டே தாழ்வாக அடித்த பந்து பாக்ஸின் குறுக்கே போக, லிவர்பூல் ரைட் பேக் அலெக்சாண்டர்-ஆர்னால்டின் முதுகுக்குப் பின்னால் வந்த வினீசியஸ் தட்டிவிட்டார். லிவர்பூலின் தாக்குதலில் பாதி ஆர்னால்டின் காலிலிருந்து வந்த காலம் அது, அவருக்கே இப்படி. பயிற்சியில் உங்கள் பையனைத் தூரத்துக் கம்பத்தில் நிற்கவைத்து, அவன் முதுகுக்குப் பின்னால் ஒருவனை விட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து கிராஸ் அடிக்கச் சொல்லுங்கள். பந்து காற்றில் வருமுன் அவன் தோளுக்கு மேல் எத்தனை தடவை திரும்பிப் பார்க்கிறான் என்று சத்தமாக எண்ணுங்கள். முதல் வாரம் ஒரு தடவைகூடப் பார்க்கமாட்டான்.

பந்தை இழந்த பிறகு திரும்பி ஓடுவதற்கும் ஒரு பாதை இருக்கிறது. இயல்பாக எல்லோரும் பந்தைத் துரத்துவார்கள். ஃபுல் பேக் பந்தைத் துரத்தக்கூடாது, நம் பக்கத்துக் கோல் கம்பத்தை நோக்கி நேர்கோட்டில் ஓடி, முதலில் கோலுக்கும் எதிராளிக்கும் நடுவில் வந்துவிட்டு, அதன்பிறகுதான் ஆளைத் தேட வேண்டும். இதைப் பழக்க ஒரே ஒரு பயிற்சி போதும்: அவன் மேலே ஓடி கிராஸ் கொடுத்து முடித்த அதே நொடியில், நீங்கள் ஹாஃப் லைனிலிருந்து இன்னொரு பந்தை எதிரணி விங்கரிடம் போடுங்கள். அவன் திரும்புவான், மற்ற மூன்று பேரும் இடத்தை மூடுவார்கள், எல்லாம் ஒன்றாகப் பழகும். ஏழெட்டு தடவைக்கு மேல் ஒரே நாளில் வேண்டாம், முழு வேகத்தில் ஓடும் பையன்களுக்குத் தொடையின் பின் தசைதான் முதலில் போகும். ஆட்டத்திலும், இரண்டாம் பாதியின் கடைசி இருபது நிமிடத்தில் அவன் ஏறுவதைக் குறைக்கச் சொல்லுங்கள், அல்லது அவனுக்கு முன்னால் புதிய ஆளை இறக்குங்கள்.

கிராஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. நன்றாக வருகிறது என்கிறீர்கள், ஆனால் எங்கே போய் விழுகிறது என்று பாருங்கள். உயரமாகத் தூக்கிப்போடும் பந்து கோல் கீப்பர் கையில் போனால் அங்கிருந்தே கவுண்டர் கிளம்பும், உங்கள் பையன் அப்போது எல்லைக்கோட்டில் நிற்பான். தாழ்வாகப் பின்னால் இழுத்துக்கொடுக்கும் பந்து, டேவிஸ் கொடுத்தது போல, நம் ஆள் காலுக்கு வர வாய்ப்பு அதிகம். உங்கள் முன்கள ஆட்டக்காரர்கள் குள்ளமாக இருந்தால் இது இன்னும் பொருந்தும்.

செலக்‌ஷன் பற்றிய அவன் கவலை நியாயமானதுதான், அதற்கு நேராகப் பதில் சொல்லுங்கள். 2025 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் பாரிஸ் கிளப்பான பி.எஸ்.ஜி 5-0 என்று இன்டர் மிலனை அடித்தபோது முதல் கோல் ரைட் பேக் ஹக்கிமியுடையது, கோலுக்கு நேர் எதிரே நின்று தட்டியது. இன்னும் பக்கத்தில் வேண்டுமானால் கன்னியாகுமரி இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜைக் காட்டுங்கள். விங்கராகப் பெயர் எடுத்தவர், 2019-20 ஐ.எஸ்.எல்-இல் (இந்தியன் சூப்பர் லீக்) ஹபாஸ் பயிற்சியில் கொல்கத்தாவின் ஏ.டி.கே அணியில், விங்கர் வேலையும் பேக் வேலையும் சேர்த்துப் பார்க்கும் இடது விங் பேக்காக ஆடினார், அந்த வருடம் கோப்பையும் அவர்களுக்கே. அங்கே பின்னால் மூன்று ஸ்டாப்பர்கள் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உங்களுக்கே அந்த அமைப்பு ஒத்துவரலாம், மூன்று நல்ல ஸ்டாப்பர்கள் இருந்தால்.

இடது காலால் ஆடக்கூடிய, வேகமான, தடுக்கவும் தெரிந்த பையன்கள் எந்த செலக்‌ஷனிலும் குறைவு, விங்கர்கள் வரிசையில் நிற்பார்கள். ஆகவே படிவத்தில் லெஃப்ட் பேக் என்றே எழுதச் சொல்லுங்கள். ஆட்டம் தொடங்கியதும் முதல் பத்து நிமிடம் ஏறாமல், தன் ஆளை ஒருமுறைகூடத் தாண்டவிடாமல் ஆடட்டும், அப்புறம் ஏறட்டும்.