தச்சுக் கேள்வி–பதில்: முன்பக்கம் வர மறுக்கும் இழுப்பறை

கேள்வி: ஒரே மரக்கட்டையைப் பேண்ட்சாவில் (நாடா போன்ற பிளேடு சுழன்று அறுக்கும் இயந்திரம்) வளைவாக அறுத்து, ஓர் இழுப்பறை கொண்ட நகைப்பெட்டி செய்து வருகிறேன். பின்பலகையைச் சீவி எடுத்துவிட்டேன், இன்னும் ஒட்டவில்லை. நடுவே அறுத்தெடுத்த இழுப்பறைத் துண்டு பின்பக்கமாக எளிதாக வருகிறது, முன்பக்கமாக இழுத்தால் இறுகிவிடுகிறது. உப்புத்தாளால் தேய்த்துவிடலாமா?

பதில்: தேய்க்க வேண்டாம். பெட்டியிலும் இழுப்பறை முகப்பிலும் ஒரே மரரேகை அறுபடாமல் ஓடுவதுதான் இவ்வகைப் பெட்டியின் அழகு. தேய்த்தால் இடைவெளி அகன்று அந்த ஓட்டம் கெடும்.

உங்கள் இயந்திரத்தின் மேசை பிளேடுக்குச் செங்குத்தாக இல்லாததால், துண்டு ஒருபுறம் அகன்றும் மறுபுறம் குறுகியும் வந்திருக்கிறது. பின்பலகையை ஒட்டாதது நல்லதாயிற்று. பெட்டியையும் துண்டையும் சேர்த்தே திருப்பி, அகன்ற பக்கத்தை முகப்பாக்கி, பின்பலகையை மறுமுகத்தில் ஒட்டுங்கள். இழுப்பறை தடையின்றி வெளியே வரும், ரேகையும் தொடரும். பெட்டியின் உருவம் இடவலமாக மாறும் என்பது மட்டுமே வேறுபாடு. ஆனால் துண்டின் பக்கவாட்டில் இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்க்கும்போது நடுப்பகுதி புடைத்திருந்தால், அது மேசையின் கோளாறு அன்று. மழுங்கிய அல்லது தளர்ந்த பிளேடு தடித்த கட்டைக்குள் வளைந்ததால் நேர்ந்தது. அந்தப் புடைப்பை மட்டும் சீவலாம்.

அடுத்த பெட்டிக்கு முன், உயரமான ஒரு கழிவுக்கட்டையின் விளிம்பில் சிறிது அறுத்து, கட்டையைத் தலைகீழாக்கி, அந்த வெட்டைப் பிளேடின் பின்விளிம்புக்குக் கொண்டுசெல்லுங்கள். பிளேடு அதற்குள் உரசாமல் நுழைந்தால் மேசை செங்குத்தாக இருக்கிறது. சிறிய மூலைமட்டத்தைவிட இதையே நான் நம்புவேன்.

இழுப்பறைத் துண்டை அறுத்தெடுக்க, பெட்டியின் வெளிவிளிம்பிலிருந்து பிளேடு உள்ளே நுழைந்த வெட்டைப் பசையிட்டு கிளாம்பால் இறுக்கும்போது, இழுப்பறை அமரும் அறையும் சற்றுச் சுருங்கும். துண்டு ஏற்கெனவே இறுக்கமாக இருந்தால், வெட்டின் தடிமனுக்கு ஈடான மெல்லிய மரச்சீவலை இடையில் வைத்து ஒட்டுங்கள்.

உட்புறத்தைக் குடைந்தெடுப்பதற்காக இழுப்பறைத் துண்டின் முன்பலகையையும் பின்பலகையையும் சீவும்போது துண்டின் தட்டையான பக்கம் மேசையில் படிந்திருக்க வேண்டும். உருண்டையான துண்டைத் தாங்கலின்றி அறுத்தால் பிளேடு அதைச் சுழற்றி, கையையும் உள்ளே இழுத்துவிடும். அந்த இரண்டு வெட்டுகளால் இழுப்பறையின் நீளம் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் குறையும். அறையின் பின்சுவரில் அதே தடிமனுள்ள தோல் துண்டை ஒட்டினால், முகப்பு பெட்டியோடு சமமாக நிற்கும்.