நேட்டால் ‘டப்ஸ் ஏ’ ஸ்டீம் எஞ்சின்: கேட்டதும் சொன்னதும்

தென்னாப்பிரிக்கா ஸ்டீம் எஞ்சின்னு சொன்னாலே எல்லாரும் காரட் (Garratt) எஞ்சின் படத்தைத்தான் போடுறீங்க, நடுவுல பாய்லர், ரெண்டு பக்கமும் சக்கரத் தொகுதின்னு இருக்குமே, அந்தப் பெரிய எஞ்சின். அதுக்கு ரொம்ப முந்தி வந்த ‘டப்ஸ் ஏ’ங்கிற கிளாஸைப் (எஞ்சின் மாடலை) பத்தி எழுதினேன், கேள்வி குவிஞ்சு போச்சு. ஒவ்வொண்ணா எடுத்துக்கறேன். நான் மீட்டர் கேஜ்ல ஃபயர்மேனா கரி அள்ளிப் போட்டவன், அதனால சில இடத்துல பேச்சு கொஞ்சம் நீளும், பொறுத்துக்கோங்க.

கார்த்தி: அண்ணே, முதல்ல இது என்ன எஞ்சின், எப்ப வந்துச்சு?

தென்னாப்பிரிக்காவோட கிழக்குக் கரையில பிரிட்டிஷ் காலனியா இருந்த நேட்டாலோட அரசு ரயில்வேக்காக ஸ்காட்லாந்து கிளாஸ்கோவுல டப்ஸ் கம்பெனி கட்டுன டேங்க் எஞ்சின் தம்பி, அதாவது கரியையும் தண்ணியையும் தன் மேலயே சுமக்கற எஞ்சின். முதல் எஞ்சின் 1888ல வந்துச்சு, அதுக்கப்புறம் பன்னெண்டு வருஷத்துக்குள்ள மொத்தம் 100 எஞ்சின். ஒரு சின்ன காலனிக்கு ஒரே மாடல்ல 100 எஞ்சின்னா யோசிச்சுப் பாரு, பிடிச்சுப் போகலன்னா திரும்பத் திரும்ப ஆர்டர் போடுவாங்களா? டிசைன் போட்டது அங்க லோகோ சூப்பரின்டெண்டென்டா இருந்த வில்லியம் மில்ன். டப்ஸ் ஏங்கிற பேரு பின்னாடி நிலைச்சது, 1912ல தென்னாப்பிரிக்க ரயில்வே எல்லா எஞ்சினுக்கும் புது நம்பர் போட்டப்ப இது ‘கிளாஸ் ஏ’ ஆயிடுச்சு.

சுதா: டெண்டர் இல்லாம டேங்க் எஞ்சின் எதுக்கு? மெயின் லைனுக்கு தண்ணி பத்துமா?

நல்ல கேள்விம்மா, இந்த எஞ்சினோட ரகசியமே இதுலதான் இருக்கு. டெண்டர்னா கரியும் தண்ணியும் வச்சு எஞ்சினுக்குப் பின்னாடி மாட்டுற தனி வண்டி.

முதல்ல அந்த ரூட்டைப் பாக்கணும். டர்பன் கடல் மட்டத்துல இருக்கு. அங்க இருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு 1880ல லைன் போட்டாங்க, 1886ல லேடிஸ்மித், 1891ல எல்லையில இருக்கற சார்லஸ்டவுன். சார்லஸ்டவுன் சுமார் 5,400 அடி உயரம், டர்பன்ல இருந்து ஏறக்குறைய 300 மைல் தூரம். ஏத்தம் சீரா இருந்தா பரவாயில்ல, இந்த லைன் ஏறி இறங்கி மறுபடி ஏறும், மாரிட்ஸ்பர்க் தாண்டின உடனே ஹில்டன் வரைக்கும் மட்டும் சுமார் 1,500 அடி ஏறணும். காசு கம்மியா வச்சுக்கிட்டு போட்ட லைன்ங்கறதால மலையைக் குடையாம சுத்திச் சுத்தி போட்டிருக்காங்க, 30க்கு 1 ஏத்தம் (30 அடி போனா 1 அடி ஏறும்), வளைவு ஆரம் 300 அடி. கேஜ் 3 அடி 6 அங்குலம், நம்ம மீட்டர் கேஜை விட 67 மில்லிமீட்டர்தான் அகலம்.

30க்கு 1 ஏத்தத்துல ஒவ்வொரு டன்னையும் மேல இழுக்க வெறும் புவியீர்ப்புக்கே 33 கிலோ இழுவிசை போயிடும். ஒரு டெண்டர் கரி தண்ணியோட 30 டன்னு வச்சுக்கோங்க, அதை மேல ஏத்தறதுக்கே 1 டன் இழுவிசை செலவு. அதுல ஒரு பைசா வருமானம் கிடையாது. அதே தண்ணியை பாய்லருக்கு ரெண்டு பக்கமும் டேங்க்ல வச்சா அந்த எடை ஓட்டுற சக்கரத்து மேல உக்காரும், சக்கரம் தண்டவாளத்தை நல்லா கவ்வும். பாரமா இருந்தது பலமா மாறிடுது. மில்ன் பண்ணது இதுதான். தண்ணி பிரச்சனைக்கு வழி, ரூட்ல அங்கங்க நிறுத்தி பிடிச்சுக்கறது, ஏத்தத்துல எப்படியும் மெதுவாத்தான் போகணும், நிக்கறதுல பெரிய நஷ்டம் இல்ல.

குறையும் இருக்கு, அதையும் சொல்லணும். தண்ணி செலவாக ஆக எஞ்சின் லேசாகும், பிடிப்பு குறையும். டேங்க் பாதி காலியா இருக்கறப்ப மழை வேற தூறி தண்டவாளம் நனைஞ்சா சக்கரம் சுத்திக்கிட்டே நிக்கும், மணல் விட்டுத்தான் ஏத்தணும்.

ரமேஷ்: 4-8-2ன்னு போட்டிருந்தீங்க. புரியல.

முன்னாடி சின்னச் சக்கரம் 4, நடுவுல ராடு மாட்டி ஒண்ணா சுத்தற சக்கரம் 8, பின்னாடி சின்னச் சக்கரம் 2. எடையை எட்டு சக்கரத்துக்குப் பிரிச்சு விட்டதால லேசான தண்டவாளமும் தாங்குச்சு. முன்னாடி உள்ள நாலு சின்னச் சக்கரமும் சேந்த ‘போகி’ங்கிற தொகுதி 300 அடி வளைவுல எஞ்சினை கையைப் பிடிச்சு கூட்டிட்டுப் போற மாதிரி திருப்பிவிடும். பின்னாடி ரெண்டும் கரிப் பெட்டியோட எடையைத் தாங்கறதுக்கு. ஓட்டுற சக்கரம் 39 அங்குலம்தான், அதாவது மூணேகால் அடி, நம்ம இடுப்பு உயரம். சிலிண்டர் 17 அங்குல விட்டம், பிஸ்டன் ஓட்டம் 21 அங்குலம். சின்னச் சக்கரம்னா வேகம் வராது, இழுவை வரும். வேகத்துக்கு அந்த ரூட்ல இடமும் இல்ல.

ஆனந்த்: உலகத்துலயே முதல் 4-8-2 இதுதான்னு எழுதியிருந்தீங்க. ‘மவுன்டன்’ டைப் அமெரிக்காதானே?

பேரு மட்டும்தான் அமெரிக்கா சார். செசபீக் அண்ட் ஒஹாயோ ரயில்வே 1911ல 4-8-2 எஞ்சினைக் கொண்டு வந்தப்ப வச்ச பேரு ‘மவுன்டன்’. நேட்டால்ல 4-8-2 டேங்க் எஞ்சின் 1888லயே ஓடுச்சு, 23 வருஷம் முந்தி. டெண்டர் எஞ்சின்னு பாத்தாலும் 1906ல நேட்டால்லயே அப்ப லோகோ சூப்பரின்டெண்டென்டா இருந்த ஹென்ட்ரி சில 4-8-0 எஞ்சினுக்கு பின்னாடி ரெண்டு சக்கரம் சேத்து 4-8-2 ஆக்கிட்டாரு, 1908ல நியூசிலாந்து எக்ஸ் கிளாஸ் வந்துச்சு, அமெரிக்கா அதுக்கும் அப்புறம்தான். இந்த விஷயத்துல எனக்கு கொஞ்சம் ஆதங்கமே உண்டு. மலைக்குன்னே பொறந்த சக்கர அமைப்பு, பேரு மட்டும் வேற ஊருக்குப் போயிடுச்சு.

பிரபு: டப்ஸ்னா யாரு?

ஹென்றி டப்ஸ், ஜெர்மனில பொறந்து கிளாஸ்கோவுல பட்டறை வச்சவர். அவங்க மேக்கர் பிளேட் வைர வடிவத்துல இருக்கும், பாத்தவுடனே தெரிஞ்சுடும். 1903ல இன்னும் ரெண்டு கம்பெனியோட சேந்து நார்த் பிரிட்டிஷ் லோகோமோட்டிவ் கம்பெனி ஆச்சு.

மீனா: ஃபயர்மேனுக்கு இந்த ரூட் எப்படி இருந்திருக்கும் மாமா?

கஷ்டம்மா. கரி போடுறதை விடு, அது உடம்பு வலி, தூங்கி எழுந்தா சரியாயிடும். பயம் தண்ணியிலதான்.

பாய்லர் படுத்த மாதிரி இருக்கற நீளமான டிரம். கரி எரியற ஃபயர் பாக்ஸ் பின்னாடி, நம்ம நிக்கற பக்கம் இருக்கும், அதோட மேல்தகடு எப்பவும் தண்ணிக்குள்ள மூழ்கி இருக்கணும், வெளிய தெரிஞ்சா தகடு பழுத்து இளகி வெடிப்பு வரைக்கும் போகும். இப்ப எஞ்சின் முகம் மேல பாத்து ஏறுதுன்னு வையி, தண்ணி எல்லாம் பின்னாடி வந்து கேஜ் கிளாஸ்ல (பாய்லர் தண்ணி மட்டம் காட்டுற கண்ணாடிக் குழாய்ல) மேல நிக்கும், நமக்கு தண்ணி தாராளமா இருக்கற மாதிரி தெரியும். 10 அடி பாய்லர்னா 30க்கு 1 ஏத்தத்துல முன்னுக்கும் பின்னுக்கும் 4 அங்குல வித்தியாசம். உச்சி தாண்டி அதே சரிவுல இறங்க ஆரம்பிச்சா அது அப்படியே தலைகீழ், தண்ணி முன்னாடி ஓடிடும், கேஜ் கிளாஸ்ல இருந்த தண்ணி கண்ணு முன்னாடி கீழ இறங்கும். அந்த நிமிஷம் வயித்துல ஒரு கலக்கம் வரும் பாரு, பட்டவனுக்குத்தான் தெரியும். அதனால உச்சி வர்றதுக்கு முன்னாடியே தண்ணியை ஏத்தி வச்சுக்கணும், ஆனா ஏத்தத்துல கூட தண்ணி விட்டா ஸ்டீம் பிரஷர் இறங்கி வண்டி நின்னுடும். ரெண்டுக்கும் நடுவுல பிழைக்கறதுதான் ஃபயர்மேன் வேலை. டர்பன்ல இருந்து மாரிட்ஸ்பர்க் போற வழியில மட்டும் எத்தனை ஏத்த இறக்கம்! ஒவ்வொரு உச்சியிலும் இந்தக் கணக்கு போடணும்.

கார்த்தி: சர்ச்சில் மாட்டிக்கிட்ட கவச ரயில்ல இருந்தது இதுதானா?

ஆமா தம்பி, டப்ஸ் ஏ தான். 1899 நவம்பர் 15, பிரிட்டிஷ்காரங்களுக்கும் போயர்களுக்கும் (அங்க குடியேறின டச்சு வம்சத்துக்காரங்க) நடந்த போயர் போர் தொடங்கி ஒரு மாசம். எஸ்ட்கோர்ட்ல இருந்து சீவ்லி வரைக்கும் போய் வேவு பாத்துட்டு திரும்பற வண்டி. எஞ்சின் நடுவுல, ரெண்டு பக்கமும் கவச வேகன். போயர் படை மேட்டுல இருந்து சுடுது, டிரைவர் வேகம் கூட்டுறாரு, இறக்கத்துல கல்லை வச்சிருக்காங்க, எஞ்சினுக்கு முன்னாடி இருந்த வேகன்லாம் தடம் புரண்டு பாதையை அடைச்சிடுச்சு. எஞ்சின் மட்டும் தண்டவாளத்துலயே நிக்குது.

எஞ்சின் டிரைவர் சார்லஸ் வாக்னருக்கு குண்டுச் சிதறல் பட்டு தலையில ரத்தம். ஃபயர்மேன் அலெக்சாண்டர் ஸ்டூவர்ட் கூட நிக்கிறாரு. பத்திரிகைக்காரரா வந்த சர்ச்சில் வெளிய நின்னு வழி சொல்ல, இவங்க எஞ்சினை முன்ன பின்ன ஆட்டி கிடந்த வேகனை இடிச்சு இடிச்சு தள்றாங்க, சுத்தி குண்டு மழை. ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆச்சு. ஒரு குண்டு பாய்லர்ல சரியா பட்டிருந்தா எல்லாம் முடிஞ்சிருக்கும். கடைசியில எஞ்சின் உரசிக்கிட்டே தாண்டி, மேல தொத்திக்கிட்ட காயம்பட்டவங்களோட தப்பிச்சுது. பின்னாடி இருந்தவங்களுக்காக திரும்பிப் போன சர்ச்சில் கைதானாரு. 1910ல அவரே பிரிட்டன் உள்துறை அமைச்சரா இருந்தப்ப வாக்னருக்கும் ஸ்டூவர்ட்டுக்கும் உயிர் காத்த வீரத்துக்கான ஆல்பர்ட் மெடல் கிடைச்சுது. சர்ச்சில் கதையை ஆயிரம் பேர் எழுதியிருக்காங்க, எனக்கு அந்த எஞ்சின் கேபின்ல நின்ன ரெண்டு பேரும் அடி வாங்கியும் ஸ்டீம் விடாத எஞ்சினும்தான் பெருசு.

செல்வி: ஐயா, இந்த ரயில்வேல நம்ம ஆளுங்க இருந்தாங்களா?

நிறைய பேர்மா. 1860 ஜூன் 26 டர்பன்ல தென்னாப்பிரிக்காவோட முதல் பொது ரயில் ஓடுச்சு, ரெண்டு மைல் தூரம், துறைமுகம் வரைக்கும். அதே வருஷம் நவம்பர் 16 மெட்ராஸ்ல இருந்து கிளம்பின ட்ரூரோ கப்பல் முதல் ஒப்பந்தக் கூலிகளை அதே துறைமுகத்துல இறக்குச்சு. ஆரம்பச் சம்பளம் மாசம் 10 ஷில்லிங். கரும்புத் தோட்டம்தான் எல்லாருக்கும் தெரியும், ஆனா நேட்டால் ரயில்வேயும் ஒப்பந்தக் கூலிகளை நிறைய எடுத்துச்சு. தண்டவாளம் பராமரிப்பு, கரி, சரக்குன்னு கையால செய்யற வேலை எல்லாம் அவங்க தலையில. டர்பன்ல ரயில்வே பேரக்ஸ்னு தனி குடியிருப்பே இருந்துச்சு. ஏத்தத்துல எஞ்சின் தடம் மாறாம போனதுக்கு கீழ ஜல்லி அடிச்சு நிமித்துன கைகளும் காரணம், எஞ்சின் பத்தி எழுதறவங்க இதை விட்டுடக் கூடாது.

காந்தி தலைமையில இந்தியர்கள் நடத்தின 1913 போராட்டமும் இந்த லைனை ஒட்டித்தான் நடந்துச்சு. நியூகாசில் கரிச் சுரங்கத்துல வேலையை நிறுத்திட்டு சார்லஸ்டவுன்ல கூடி, நவம்பர் 6 எல்லை தாண்டி நடந்தாங்க. அவங்களைப் பிடிச்சு திரும்ப நேட்டாலுக்கு அனுப்பினதும் ஸ்பெஷல் ரயில்லதான்.

ரமேஷ்: காந்தியை இறக்கிவிட்டது?

அதே மெயின் லைன், மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷன், 1893 ஜூன் 7. டப்ஸ் எஞ்சின்கள் அந்த லைன்ல ஓடிட்டிருந்த காலம்.

ஆனந்த்: அப்புறம் ஏன் கைவிட்டாங்க?

கைவிடல, மெயின் லைன்ல இருந்து கீழ இறக்கினாங்க. 1895 கடைசியில ஜோகன்னஸ்பர்க் வரைக்கும் லைன் திறந்ததும் லோடு ஏறிடுச்சு. மில்னுக்கு அப்புறம் வந்த ரீட் 1899ல பத்து ஓட்டுற சக்கரத்தோட 4-10-2 டேங்க் எஞ்சின் கொண்டு வந்தாரு, மொத்தம் 101. ஹென்ட்ரி வந்ததும் பெரிய டெண்டர் எஞ்சினுக்கு மாறிட்டாங்க, தூரம் கூடக் கூட தண்ணிக்கு நிக்கறது கட்டுப்படியாகல. டப்ஸ் ஏ ஷண்டிங்குக்கு (யார்டுல பெட்டிகளைத் தள்ளிச் சேக்கற வேலைக்கு) போச்சு, சிலது சுரங்கங்களுக்கு வித்துட்டாங்க, அங்க இன்னும் பல வருஷம் உழைச்சுது. கட்டுமானம் உறுதியா இருக்கப் போய்த்தான் அவ்வளவு நாள் நின்னுச்சு.

சுதா: மில்ன் வேற எஞ்சின் எதுவும் பண்ணலையா?

பண்ணாரும்மா, அதே 1888ல டர்பன் ஒர்க்‌ஷாப்லயே ஒண்ணு கட்டினாரு. தென்னாப்பிரிக்காவுல டிசைன் பண்ணி அங்கயே கட்டுன முதல் எஞ்சின். பேரு ‘ஹேவ்லாக்’, அப்ப நேட்டால் கவர்னரா இருந்த ஆர்தர் ஹேவ்லாக் பேரு. அவரு அப்புறம் இலங்கைக்கு கவர்னரா போயி, அங்க இருந்து 1896ல மெட்ராஸுக்கு வந்தாரு. கொழும்புல ஹேவ்லாக் டவுன்னு இருக்குல்ல, அதே ஆளுதான்.