குட்டி டெரியரும் குடோன் எலியும்

கேள்வி: ஆத்தூர் அருகே எங்கள் ஜவ்வரிசி ஆலைக் குடோனில் எலித் தொல்லை. ஐந்து மாத ஜாக் ரஸ்ஸல் டெரியர் நாய்க்குட்டி வாங்கியிருக்கிறோம். இப்போதே எலி பிடிக்கப் பழக்கலாமா? (வாசகர், ஆத்தூர்)

பதில்: பழக்குங்கள், ஆனால் எலியை வைத்து அல்ல. நிலைப் பற்கள் முழுதாக முளைக்க ஆறேழு மாத வயது ஆக வேண்டும். அதற்குள் ஒரு பெருச்சாளி மூக்கைக் கவ்விவிட்டால், அப்புறம் எலி வாடை அடித்தாலே ஒதுங்கிப் போகிற குட்டிகள் உண்டு.

எலி சுவரை ஒட்டித்தான் ஓடும். அதனால் நீளக் கயிற்றில் பழந்துணியைக் கட்டி, மூட்டைக்கும் சுவருக்கும் நடுவே வெடுக்கென்று இழுங்கள். குட்டி பாய்ந்து கவ்வி, தலையை இரு பக்கமும் உதறும். எலியின் கழுத்தை முறிப்பது அந்த உதறல்தான்; யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாம் சொல்லித்தர வேண்டியது, கூப்பிட்டால் திரும்பி வருவதை. பொந்தில் மூக்கை நுழைத்த டெரியருக்குக் காது கேட்காது! ஏற்காட்டில் என் காப்பிக் குடோனில் வேகவைத்த ஆட்டு ஈரல் இல்லாமல் இந்தப் பாடத்தை நான் நடத்துவதே இல்லை. எலிப் பொந்தில் பாம்பும் இருக்கும் என்பதால் இதில் சலுகை கிடையாது.

எலி மூத்திரத்தால் எலிக்காய்ச்சல் வரும்; அதற்கான லெப்டோ தடுப்பூசி போட்ட பிறகே குடோனுக்குள் விடுங்கள். ஆண்டுதோறும் மறுஊசியும் உண்டு. எலிமருந்து வைத்திருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். மருந்து தின்ற எலியைத் தின்றால் நாய்க்கும் இரத்தம் உறையாமல் போகலாம். சில நாள் கழித்துத்தான் தெரியவரும். சந்தேகம் வந்தாலே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள், வைட்டமின் கே கொடுப்பார்.